இரவு 10 மணிக்கும் ‘டிங்’... வேலை நேரம் எங்கே கரைகிறது?

மாதம் பிறந்து 18, 19 தேதி ஆகிவிட்டால் ஈரோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். நான்கு பேர் வேலை பார்க்கும் சின்ன அலுவலகம். ஜவுளி வியாபாரி, மஞ்சள் மண்டிக்காரர், ஹார்டுவேர் கடைக்காரர் என்று பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள். அத்தனை பேரும் பில்லை அனுப்பும் இடம் ஒன்றுதான்: வாட்ஸ்அப்.

ஒருநாள் மாலை அங்கே போயிருந்தேன். கணக்கு எழுதும் பெண் ஒரு ஹார்டுவேர் கடைக்காரரிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்: “அண்ணா, பைப் வாங்குன பில்லு ஒண்ணு மட்டும் இன்னும் வரலைங்க.” மறுமுனையில் பதில்: “அதான் அன்னைக்கே அனுப்பிட்டேனுங்களே, மேல தள்ளிப் பாருங்கம்மா.” அவர் மேலே தள்ளினார். குட்மார்னிங் படம், கோயில் கும்பாபிஷேக அழைப்பிதழ், பேரன் பிறந்தநாள் வீடியோ, நடுநடுவே ரப்பர் ஸ்டாம்ப் தெரியாத அளவுக்குச் சாய்த்து எடுத்த பில் படங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. பில்லை அவர் அனுப்பித்தான் இருந்தார். ஆனால், அனுப்பியது ஆடிட்டரின் சொந்த எண்ணுக்கு.

அன்று இரவு அந்தப் பெண் வீட்டுக்குக் கிளம்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகும் அலுவலக குரூப்பில் செய்தி வந்துகொண்டே இருந்ததாம். “பார்க்காம விட்டா காலையில திட்டு விழும். பார்த்தா தூக்கம் போயிடும்” என்றார்.

வேலை நேரம் பற்றி நாட்டில் நடக்கும் பெரிய விவாதத்தில் இந்த மாதிரி கால் மணி நேரங்கள் யார் கணக்கிலும் வருவதில்லை.

70, 90, 48: எந்தக் கணக்கு சரி?

இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னது 2023 அக்டோபரில். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் 90 மணி நேரம் பற்றியும் ஞாயிற்றுக்கிழமை வேலை பற்றியும் பேசியது 2025 ஜனவரியில் வெளியே வந்தது. இரண்டுக்கும் வந்த மீம்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதே மாத இறுதியில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வது உடல்நலத்தைக் கெடுக்கும் என்று சொல்லும் ஆய்வுகளை எடுத்துக்காட்டியது.

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதல்ல. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் சட்டத் திருத்தம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால், மே தினத்தன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். கடைகள், வணிக நிறுவனங்களுக்கான தமிழ்நாடு சட்டம் 1947ஆம் ஆண்டினுடையது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள். 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த மத்திய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அதே 8, 48தான் அடிப்படை. (ஜவுளிக்கடைப் பெண்கள் வேலை நேரத்தில் உட்கார நாற்காலி வேண்டும் என்பதே இந்த 1947 சட்டத்தில் 2021இல்தான் சேர்ந்தது. சட்டம் வாழ்க்கையைப் பிடிக்க எவ்வளவு காலம் எடுக்கும் என்பதற்கு இது போதும்.)

இரவு 10 மணிக்கு வரும் செய்தி வேலையா, இல்லையா? 1947 சட்டத்தை எழுதியவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்க வாய்ப்பில்லை. 2025 டிசம்பர் 5 அன்று மக்களவையில் சுப்ரியா சுலே கொண்டுவந்த ‘தொடர்பைத் துண்டிக்கும் உரிமை’ மசோதா இதைத்தான் தொடுகிறது. வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்புக்கோ மின்னஞ்சலுக்கோ பதில் சொல்லாமல் இருக்க ஊழியருக்கு உரிமை வேண்டும் என்கிறது அது. இதே பெயரில் 2018இலும் அவர் ஒரு மசோதா கொண்டுவந்தார். இது தனிநபர் மசோதா. சுதந்திரத்துக்குப் பின் இப்படிச் சட்டமானவை மொத்தமே 14தான்; கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். ஆகவே, இந்த மசோதாவை நம்பி யாரும் போனை அணைத்துவிட வேண்டாம்.

மற்ற நாடுகளில்?

பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், 50 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்கள் இதைப் பற்றித் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசியாக வேண்டும். போர்ச்சுகல் 2021இல் பொறுப்பை அப்படியே முதலாளி பக்கம் தள்ளியது: அவசரம் தவிர மற்ற நேரத்தில் அவர்தான் தொடர்பு கொள்ளாமல் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்தியைப் பார்க்கவோ பதிலளிக்கவோ மறுக்கலாம். மறுப்பது நியாயமற்றதாக இருந்தால் மட்டும் சிக்கல். 15 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்து 2025 ஆகஸ்டில் இது விரிந்தது.

போர்ச்சுகல் வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது. நம் ஊரில் ‘பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை’ என்று ஒன்றைக் கொடுத்தாலும், நான்கு பேர் அலுவலகத்தில் எந்தப் பெண் அதை எடுத்து முதலாளி முகத்துக்கு நேரே நீட்டுவார்?

சரி, சட்டம் வரும்போது வரட்டும். அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் 9 மணி ஆனதற்கு முதலாளியின் பேராசை மட்டும் காரணமில்லை. வந்த பில்லைத் தேடுவதிலும், அனுப்பியதைத் திரும்பக் கேட்பதிலும், ஒரே எண்ணை இரண்டு பேர் பதிவதிலும் பகல் முழுக்கப் போய்விடுகிறது. நிஜமான வேலை தொடங்குவதே ஆறு மணிக்குத்தான்.

இடையில் குறுக்கிட்டால் என்ன ஆகும்?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர் இருபது வருடங்களுக்கு மேலாக இதை அளந்து வருகிறார். 2004இல் மக்கள் ஒரு திரையைச் சராசரியாக இரண்டரை நிமிடம் பார்த்தார்கள். பின்னாளில் அது 47 விநாடிக்கு வந்துவிட்டது. இந்த எண்ணை நீங்கள் எங்காவது படித்திருக்கலாம். ஆனால், அவரும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு அவ்வளவாகப் பேசப்படவில்லை. அதுதான் முக்கியம்.

குறுக்கீடு இருந்தால் வேலை தாமதமாகும் என்றுதான் நாம் நினைப்போம். அந்தச் சோதனையில் நடந்தது வேறு. இடையிடையே தொந்தரவு செய்யப்பட்டவர்கள் வேலையைச் சீக்கிரமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. பிறகு என்ன நஷ்டம்? மன அழுத்தம், எரிச்சல், நேரமில்லை என்ற பதற்றம் எல்லாம் கூடியிருந்தது. அதாவது, மனிதர் வேகத்தைக் கூட்டி ஈடுகட்டிவிடுகிறார். அதற்கான விலையை உடம்பும் மனமும் கொடுக்கின்றன. முதலாளிக்குத் தெரிவது ‘வேலை முடிஞ்சிருச்சு’ என்பது மட்டும். ‘பத்து தடவை கூப்பிட்டாலும் வேலை நடக்குதே’ என்று அவர் நினைப்பதற்கும் காரணம் இதுதான்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது மனம் முழுசாகத் தாவுவதில்லை, ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று 2009இல் சோஃபி லெராய் காட்டினார். கணக்கு எழுதுகிறவர்களைக் கேட்டால் ஆய்வே தேவையில்லை. 14,350 என்பதை 13,450 என்று பதிவது எப்போது என்று அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு மருந்து உண்டா? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 124 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு வாரம் மின்னஞ்சலை நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்க வேண்டும். இன்னொரு வாரம் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைவாக இருந்தது. 2015இல் வெளியான முடிவு இது. ஆனால், அந்த மூன்று முறை என்ற கட்டுப்பாட்டைக் கடைப்பிடிப்பதே பெரும்பாடாக இருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள்! எட்டணா செலவில்லாத பழக்கம்தான். பிடித்துக்கொள்வதுதான் கஷ்டம்.

தொலைந்த பில்லுக்கு என்ன விலை?

இது வெறும் அலுப்பு சமாசாரம் அல்ல, பணம். ஹார்டுவேர் கடைக்காரர் 50,000 ரூபாய்க்கு 18% வரி உள்ள சரக்கு வாங்கினால், வரி மட்டும் 9,000 ரூபாய். அதை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ள, விற்றவர் தன் கணக்கில் அந்த பில்லை ஏற்றியிருக்க வேண்டும். வாங்கியவர் கையில் பில்லும் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் விற்றவர் ஏற்றியது தெரிந்துவிடும். 14க்கும் 20க்கும் நடுவில் இருப்பது ஆறு நாள். அதற்குள் பில் கைக்கு வராவிட்டால், அந்த மாதம் கடைக்காரர் அந்த 9,000 ரூபாயைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அடுத்த மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம்தான். நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரைதான் பொதுவாக அதற்குக் கெடு. மறந்துபோனால் போனதுதான்.

தாக்கல் தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்டாத வரிக்கு 18% வட்டி என்பது தனி.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் வாங்கிய பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிதியாண்டுக்கான ஆண்டுக் கணக்கின் கடைசித் தேதி 2026 டிசம்பர் 31. அங்கிருந்து ஆறு வருடம் எண்ணினால் 2032 டிசம்பர். அதுவரை அந்த பில், கைமாறிக்கொண்டே இருக்கும் யாரோ ஒருவரின் போனில், ‘ஐஎம்ஜி’ என்று தொடங்கி ‘டபிள்யூஏ0034’ என்று முடியும் பெயரில் பத்திரமாக இருக்குமா? போனை மாற்றினால், மெமரி நிறைந்து அழித்தால், பழைய படத்தைத் தட்டும்போது ‘அனுப்பியவரிடம் மீண்டும் கேளுங்கள்’ என்று வாட்ஸ்அப் சொல்லும். 2030இல் யாரிடம் போய்க் கேட்பது?

வாட்ஸ்அப்பை விட்டுவிட முடியுமா?

முடியாது. விடவும் வேண்டாம். கூகுள் ஃபார்ம் போட்டு அதில் பில்லை ஏற்றச் சொல்லலாமே என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யோசனை சொல்வார்கள். அந்த அலுவலகத்திலும் முயன்றார்கள். ஃபார்மில் ஃபைல் ஏற்ற, அனுப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்ளே நுழைந்திருக்க வேண்டும். மண்டியில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருக்கும் மனிதரிடம் பாஸ்வேர்டு கேட்டால் என்ன ஆகும்? ரெண்டு பேர் போட்டார்கள். மற்றவர்கள், “அட, வாட்ஸ்அப்புல போட்டுடறேனுங்க” என்று பழைய வழிக்கே வந்துவிட்டார்கள்.

வாட்ஸ்அப் என்பது தபால் வந்து விழும் வாசல். வாசலிலேயே தபாலைக் குவித்துவைத்துக் குடும்பம் நடத்துவதுதான் சிக்கல். வந்ததை உள்ளே எடுத்து வைக்க ஓர் ஆள், ஓர் இடம், ஒரு நேரம் வேண்டும்.

அங்கே கடைசியில் செய்தது இவ்வளவுதான். அலுவலகத்துக்கென்று ஓர் எண் வாங்கி, அதில் வாட்ஸ்அப் பிசினஸ் போட்டார்கள். இலவசம்தான். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ‘பில் பாக்கி’, ‘முடிந்தது’ என்று லேபிள் ஒட்டலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைத்து ஒரு தட்டில் அனுப்பலாம். அந்த எண்ணை அலுவலகக் கம்ப்யூட்டரிலும் இணைத்துக்கொண்டார்கள். காலை 11 மணி, மாலை 4 மணி. இந்த இரண்டு வேளை மட்டும் ஒருவர் உட்கார்ந்து, வந்த பில்களை எல்லாம் இறக்கி, பெயர் மாற்றி, கூகுள் டிரைவில் அந்தந்தக் கடைக்கான ஃபோல்டரில் போடுவார். போட்டதும் ஒரு பதில்: “பில் கிடைத்தது, எண் 118.” இந்தப் பதில் போன பிறகு ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று கேட்டு வரும் போன்கள் நன்றாகக் குறைந்துவிட்டன என்கிறார்கள்.

அதோடு ஒரு பொதுவான ஷீட். கடைப் பெயர், மாதம், எத்தனை பில் வர வேண்டும், எத்தனை வந்தது, யார் பொறுப்பு, நிலை. ஆறே பத்திகள். 17ஆம் தேதி காலையில் ‘நிலை’ பத்தியை வடிகட்டினால் யார் யார் பாக்கி என்று தெரிந்துவிடும். இதற்கு முன் அந்தப் பட்டியல் ஆடிட்டரின் மண்டைக்குள் இருந்தது. அவர் ஒருநாள் ஊரில் இல்லை என்றால் அலுவலகமே நின்றுவிடும்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். டிரைவ் ஃபோல்டரைப் பகிரும்போது ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்பதைத் தேர்ந்தெடுப்பது சுலபம், ஆபத்தும் அதுதான். மின்னஞ்சல் முகவரி கொடுத்து, அந்த நான்கு பேருக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். ஆதார், பான் நகல்களை குரூப்பில் போடுவது இன்னும் மோசம். ஆதாரின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகலை ஆதார் இணையதளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்து, விதிகளும் 2025 நவம்பரில் வெளியாகிவிட்டன. படிப்படியாக அமலுக்கு வரும்போது சின்ன அலுவலகங்களும் இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பெயரில் என்ன இருக்கிறது?

ஃபைலுக்குப் பெயர் வைப்பதை யாரும் வேலையாகவே நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் கரெக்ட்’ என்று மூன்று ஃபைல்களை வைத்துக்கொண்டு, திருத்தாத ஒன்றை அச்சுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக அச்சகத்துக்கு ஓடியிருக்கிறேன். அதற்குப் பிறகு புத்தி வந்தது.

வழி ரொம்ப எளிது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் தேதி, அப்புறம் யாருடையது, அப்புறம் என்ன. ‘2025-06-07, கடைப் பெயர், பில் 118’. ஏன் வருடத்தை முதலில் போட வேண்டும்? நாம் பேச்சில் 7-6-2025 என்றுதான் சொல்வோம். அப்படி வைத்தால் கம்ப்யூட்டர் எல்லா மாதத்து ஏழாம் தேதிகளையும் ஒன்றாக அடுக்கிவிடும். வருடம் முதலில் இருந்தால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரமும் இதே வரிசைதான்.

பில்லை போட்டோ எடுப்பதற்குப் பதில் கூகுள் டிரைவ் செயலியில் உள்ள ஸ்கேன் வசதியில் எடுத்தால், ஓரங்களை வெட்டி நேராக்கி பிடிஎஃப் ஆக்கித் தரும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பினால் எழுத்து மங்காது. ‘போட்டோ’ என்று அனுப்பினால் சுருக்கிவிடும். கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தாலே கணக்கு எழுதுகிறவர்களின் கண் பிழைக்கும்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. பழைய எழுத்துரு. பாமினி, வானவில் போன்றவற்றில் அடித்த கடிதங்கள் பார்க்கத் தமிழாக இருக்கும். கம்ப்யூட்டருக்கு அவை ஆங்கிலக் குப்பை. தேடினால் கிடைக்காது, வேறு இடத்தில் ஒட்டினால் கோழி கிறுக்கினது மாதிரி வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இருந்தும் பல டிடிபி சென்டர்களிலும் அலுவலகங்களிலும் பழைய எழுத்துரு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கை பழகிவிட்டதால். மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. பழையதை எல்லாம் மாற்ற உட்கார வேண்டாம். இன்று முதல் அடிப்பதை யூனிகோடில் அடித்தால் போதும், அடுத்த வருடம் தேடும்போது வித்தியாசம் தெரியும். தட்டச்சு வராதவர்களுக்கு 2017இலிருந்து கூகுள் தமிழ்க் குரல் தட்டச்சு இருக்கிறது. போனில் மைக்கைத் தொட்டுப் பேசினால் எழுதிவிடும். பேச்சுத் தமிழையும் ஓரளவு பிடித்துக்கொள்கிறது. எண்களை மட்டும் நம்பாதீர்கள். ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஏஐ வந்தால் எல்லாம் சரியாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. 2025இல் மெட்ர் என்ற ஆய்வு அமைப்பு 16 அனுபவமுள்ள மென்பொருள் எழுத்தாளர்களை வைத்து, 246 வேலைகளில் ஒரு சோதனை செய்தது. ஏஐ இருந்தால் 24% நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் முன்கூட்டியே கணித்தார்கள். முடித்த பிறகு, 20% மிச்சமானதாக நம்பினார்கள். கடிகாரம் சொன்னது: 19% நேரம் கூடுதலாகத்தான் ஆகியிருந்தது. கைவந்த வேலையில், தாங்களே வளர்த்த ஃபைல்களில் வேலை செய்தவர்கள் அவர்கள். ஏஐ கொடுத்ததைச் சரிபார்ப்பதிலும் திருத்துவதிலும் நேரம் போனது. புதிதாகக் கற்பவருக்கோ வேறு தொழிலுக்கோ இந்த முடிவு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால், ‘வேகமா முடிச்ச மாதிரி இருந்துச்சு’ என்ற உணர்வை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்தில் ஏஐயை எங்கே வைக்கலாம்? நோட்டீஸுக்குப் பதில் கடிதத்தின் முதல் வரைவு, ஷீட்டில் ஒரு ஃபார்முலா, ஆங்கிலச் சுற்றறிக்கையின் தமிழ்ச் சுருக்கம். இதற்கெல்லாம் கேட்கலாம். பில் எண்ணையும் தொகையையும் அதனிடம் படிக்கச் சொல்லிவிட்டு, பார்க்காமலே பதிவது ஆபத்து. வாடிக்கையாளரின் கணக்கை இலவசச் செயலியில் அப்படியே ஏற்றுவது நம்பிக்கைத் துரோகம். பெயரே இல்லாத, எங்கே கிடக்கிறது என்று தெரியாத ஃபைல்களை வைத்துக்கொண்டு ஏஐ மட்டும் என்ன செய்துவிடும்?

வேலைப் பட்டியல் செயலிகள், 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்று மணியடிக்கும் செயலிகள் எல்லாம் நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு உதவும். கவுன்ட்டரில் ஆள் வந்து நிற்கும் அலுவலகத்தில், “இன்னும் 12 நிமிஷம் இருக்கு, அப்புறம் வாங்க” என்று யாரிடம் சொல்வது?

யார் மாற வேண்டும்?

சத்தத்தை அணைக்கும் வசதி எல்லா போனிலும் இருக்கிறது. வாட்ஸ்அப் குரூப்பை எட்டு மணி நேரத்துக்கோ, ஒரு வாரத்துக்கோ, எப்போதுமோ மௌனமாக்கலாம். ஆனால், முதலாளியின் செய்தி தவறிவிடுமோ என்ற பயம் இருக்கும்வரை எந்த ஊழியரும் அதைச் செய்யமாட்டார். ஆகவே, மாற்றம் மேலே இருந்துதான் வர வேண்டியிருக்கிறது. அந்த ஆடிட்டர் ஒரே ஒரு விதி போட்டார்: “அவசரம்னா போன் பண்ணுவேன். மெசேஜ்னா காலையில பார்த்தா போதும்.” இதை குரூப்பின் மேலேயே பின் செய்து வைத்திருக்கிறார். இரவில் யோசனை வந்தால், குரூப்பில் போடாமல், வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே செய்தி அனுப்பும் வசதியில் எழுதி வைத்துக்கொள்கிறார். 2022 முதல் அந்த வசதி இருக்கிறது. மின்னஞ்சல் என்றால் ஜிமெயிலில் காலை ஒன்பதரைக்குப் போகும்படி நேரம் குறித்துவிடுகிறார்.

இந்த விதி போட்ட முதல் வாரம் அவரே மூன்று முறை மீறினார் என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு குறைந்ததாம்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் சிலர் இன்னும் ஆடிட்டரின் சொந்த எண்ணுக்குத்தான் பில்லை அனுப்புகிறார்கள். “முப்பது வருஷப் பழக்கம், நம்பரை மாத்திக்கங்கன்னு எப்படிச் சொல்றது?” என்கிறார் அவர். அவற்றை அவரே அலுவலக எண்ணுக்குத் தட்டிவிட வேண்டும். மறந்துவிட்டால் பழைய கதைதான். டிரைவில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடமும் சீக்கிரம் நிறையப் போகிறது. போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024 முதல் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. மாதச் சந்தா கட்டுவதா, வருடம் முடிந்ததும் பழையதை ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பிரதியாக எடுத்து வைத்துவிட்டு அழிப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு டிஸ்க்கும் ஒரே மேஜை டிராயரில் இருக்கக் கூடாது என்று மட்டும் நான் சொல்லிவிட்டு வந்தேன்.

சென்ற மாதம் 19ஆம் தேதி மாலை போன் செய்தபோது மணி ஏழரை. அந்தப் பெண் பஸ்ஸில் இருந்தார். “ஷீட்ல இன்னும் ரெண்டு கடை பாக்கிங்க. நாளைக்குக் காலையில வந்துரும்” என்றார்.